சித்திரை ஒன்றாம் தேதி ரேட்

அலங்காநல்லூர்
18.5.2025

என் அருமைத் தம்பி அசோக்குமாருக்கு அக்கா சுபலட்சுமி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் மச்சானும் ஆர்த்திகாவும் சுகம். சிங்கப்பூரில் வெயிலிலும் இரும்பிலும் நிற்கிற உடம்பு எப்படி இருக்கிறது, எழுது. போன வாரம் பசுமலைக்குப் போய் உன் வீட்டையும் பார்த்து வந்தேன். சாவித்ரி இளைத்திருக்கிறாள். கிரீஷ் என்னைவிட உயரமாகிவிட்டான்.

கடிதத்தின் நாலு மூலையிலும் இருப்பது சாம்பார்க் கறை இல்லை, மஞ்சள். ஆர்த்திகாவுக்கு முடிந்துவிட்டது. மாப்பிள்ளை வில்லாபுரம், கல்லூரியில் வேலை. நவம்பர் 27, வியாழக்கிழமை முகூர்த்தம். போனில் சொன்னால் அது வெறும் செய்தி, தாய்மாமனுக்கு மஞ்சள் தடவிய எழுத்துதான் போகவேண்டும் என்பது அம்மா வைத்த முறை. அம்மா இல்லாவிட்டாலும் முறை இருக்கிறது. நீதான் மாலை போட்டு அவளை மணைக்கு அழைத்து வரவேண்டும். இப்போதே லீவு சொல்லி வை.

வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்ததில் அம்மாவின் நோட்டு கிடைத்தது. அம்மா கை கால் விழுந்து கிடந்த ஆறு வருடமும் நீ மாதம் முந்நூறு டாலர் மச்சான் கணக்குக்கு அனுப்புவாய். இத்தனை டாலர், இன்ன ரேட், இத்தனை ரூபாய் என்று நான் எழுதி அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். அந்த நோட்டுதான். வருடத்துக்கு ஒரு பக்கம். ஆர்த்திகா முதல் மூன்று பக்கங்களைப் போனில் படம் பிடித்து, "மாமாவுக்கு அனுப்பிட்டேன்மா" என்றாள். பார்த்தாயா? என் கையெழுத்து அப்போது எவ்வளவு நன்றாக இருந்தது!

மறுகடிதம் எதிர்பார்க்கிற
அக்கா சுபலட்சுமி


சிங்கப்பூர்
9.6.2025

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வணக்கம்.

நான் நலம். முதுகுவலி மட்டும் போவதும் வருவதுமாக இருக்கிறது. கல்யாணச் செய்தி கேட்டு அறையில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நோட்டுப் படங்களைப் பார்த்தேன். ஒரு சின்ன விஷயம். போனில் கேட்டிருப்பேன், ஆனால் உங்கள் வீட்டில் இருக்கிற ஒரே போன் எப்போதும் ஆர்த்திகா கையில் இருக்கிறது. கல்யாணப் பெண் காதில் இது விழவேண்டாம். அதனால் எழுத்திலேயே வைத்துக்கொள்வோம்.

என் அறையில் உசிலம்பட்டிப் பையன் வெள்ளைத்துரை இருக்கிறான். படத்தைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, பன்னெண்டு மாசமும் ஒரே ரேட்டாப் போட்டிருக்கு?" என்றான். அப்போதுதான் நானும் கவனித்தேன். 2011 பக்கம் முழுக்க 35.50. அடுத்த பக்கம் முழுக்க 41.25. அதற்கடுத்தது முழுக்க 44. டாலர் ரேட் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அது எப்படி வருடம் முழுக்க அசையாமல் நிற்கும்?

மறந்துபோய் அப்படி எழுதியிருப்பாய். இருந்தாலும் தெரிந்துகொள்ளலாம் என்று கேட்கிறேன். மச்சானுக்கு என் வணக்கம்.

தம்பி
அசோக்குமார்


அலங்காநல்லூர்
30.6.2025

அன்புத் தம்பிக்கு,

சுகம். முதுகுக்கு நல்லெண்ணெய் தேய். அந்த ஊரில் கிடைக்காது என்று சொல்லாதே, சிங்கப்பூரில் கிடைக்காதது நம் ஊர்ப் புழுதி மட்டும்தான்.

ரேட் கேட்டிருந்தாய். நான் மறக்கவில்லை. பள்ளிக்கூடச் சத்துணவில் தினம் நூற்றிருபது முட்டை எண்ணிக் கொடுக்கிறவள் நான். ஒரு முட்டை குறைந்தால் மேலே பதில் சொல்லவேண்டும். அது வருடத்து ரேட். மச்சான் வைத்தது. சித்திரை ஒன்றாம் தேதி டாலர் என்ன விலையோ அதுதான் அந்த வருடம் முழுக்க. நம் பக்கம் தோப்புக் குத்தகை எப்படி? சித்திரையில் பேசினால் அடுத்த சித்திரை வரை அதே பேச்சுதானே. நடுவில் தேங்காய் விலை ஏறினாலும் இறங்கினாலும் யாரும் வாய் திறப்பதில்லை. அதே மாதிரிதான்.

கல்யாண வேலை கழுத்தை நெரிக்கிறது. ஆர்த்திகாவுக்குத் தாய்மாமன் சீராக நீ எடுக்கப்போகிற சேலை என்ன நிறம் என்று அவளுக்கு இப்போதே தெரியவேண்டுமாம். மாம்பழ நிறம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அக்கா


சிங்கப்பூர்
15.7.2025

அக்காவுக்கு,

நலம்.

தோப்பு வேறு, டாலர் வேறு. குத்தகையில் விலை ஏறினால் அந்த லாபம் ஒருவர் கைக்குப் போகும், அது யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். இதில் யார் கைக்குப் போனது?

நாங்கள் சும்மா இருக்கவில்லை. பழைய ரேட்டெல்லாம் நெட்டில் தேதிவாரியாகக் கிடைக்கிறது. பதினைந்து வருடத்துக்கு முந்தியதும் கிடைக்கிறது. வெள்ளைத்துரை தேடிக் கொடுத்தான், நான் எழுதினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை இதற்கே போனது. 2011 சித்திரையில் 35.50 சரிதான். ஆனால் அந்த வருடம் டிசம்பரில் 40. நோட்டில் 35.50. 2013 சித்திரையில் 44. அந்த ஆகஸ்ட் கடைசியில் 53. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அன்று மெஸ்ஸில் எல்லோரும் பணம் அனுப்ப வரிசையில் நின்றோம். நோட்டில் அப்போதும் 44. அந்த ஒரு மாதத்தில் மட்டும் 2,700 ரூபாய் காணவில்லை. மூன்று வருடத்துக்கும் கூட்டினால் முப்பத்தொன்பதாயிரத்து இருநூறு.

தொகை பெரிதில்லை. எனக்குத் தெரியாமல் போனதுதான் பெரிது. நான் ஒரு மாதம் தவறாமல் அனுப்பியவன். நான் அனுப்பியது என் அம்மாவுக்கு. என் ரசீதுகளைத் தேடினேன், எல்லாம் மை பறந்து வெறும் வெள்ளைத்தாளாகக் கிடக்கிறது. அதனால் நோட்டின் மீதி மூன்று பக்கங்களையும் மச்சானின் பாஸ்புக் நகலையும் தபாலில் அனுப்பு. பார்த்துவிட்டால் மனசு தெளிந்துவிடும்.

அசோக்குமார்


அலங்காநல்லூர்
6.8.2025

தம்பிக்கு,

சுகம். நீயும் சுகம் என்று ஒரே சொல்லில் எழுதியிருந்தாய். முதுகைப் பற்றிக் காணோம்.

வருடத்து ரேட் ஏன் வந்தது என்று சொல்கிறேன், கேள். அம்மா விழுந்த முதல் இரண்டு மாதம் வந்த ரூபாயை அப்படியே வாசித்தேன். முதல் மாதத்தைவிட இரண்டாம் மாதம் நூற்றுச் சொச்சம் குறைவு. அம்மாவுக்குக் கை கால்தான் விழுந்தது, காது நன்றாகக் கேட்டது. "என்னடி கொறையுது? எம்மகனுக்குச் சம்பளத்தைக் கொறைச்சுட்டாய்ங்களா? அவனுக்கு ஒடம்புக்கு ஏதுமா?" என்று இடது கையால் கட்டிலை அடித்து அழுதாள். ரேட் இறங்கியது என்று எவ்வளவோ சொன்னோம். டாலர் ஏறுவதும் இறங்குவதும் அவளுக்கு எப்படிப் புரியும்? மூன்று நாள் சாப்பிடவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள நாம் வைத்திருந்த சோலை, "ஏக்கா, ஒரே தொகையாத்தான் வாசிச்சுத் தொலையேன்" என்றாள். அந்தச் சித்திரையில் மச்சான், "வருசத்துக்கு ஒரே ரேட்டு. ஏறுனா எடுத்து வைப்போம், எறங்குனா நம்ம போட்டுக்கிருவோம்" என்றார். அன்றிலிருந்து அம்மா ஒரு மாதமும் அழவில்லை.

ஏறிய மிச்சத்தைத் தனியாக எடுத்து வைத்தோம். இருந்தது. பிறகு செலவாகிவிட்டது. எதற்கு என்று கேட்காதே. நான் ஒரு புடவை எடுக்கவில்லை, மச்சான் ஒரு வேட்டி எடுக்கவில்லை. அதுவரை நம்பு.

ஒரு மாதம் தவறாமல் அனுப்பியவன் என்று எழுதியிருந்தாய். சரி.

பக்கங்கள் வேண்டாம், தம்பி. மனசு தெளிய அதைவிட நல்ல வழி இருக்கிறது. நவம்பர் வருகிறது, வா. வந்து பேசுவோம்.

அக்கா


சிங்கப்பூர்
20.8.2025

அக்காவுக்கு,

எதற்கு என்று கேட்காதே என்றால் என்ன அர்த்தம்? மடியில் கனம் இல்லாவிட்டால் வழியில் என்ன பயம்?

சித்தப்பா மகன் மலையாண்டிக்குப் போன் போட்டு விசாரித்தேன். நேராக உங்களிடம் கேட்டுத் தெரியாததை ஊரில் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டியதாகிவிட்டது. 2014இல் மச்சான் தோப்பில் புதிதாக போர் போட்டிருக்கிறார். எழுநூறு அடி. எந்தப் பணத்தில்? மலையாண்டிக்குத் தெரியவில்லை. "எங்கிட்டு இருந்து வந்துச்சோ, திடுதிப்புனு வண்டி வந்து நின்னுச்சு" என்றான். அடுத்த வருடமே அந்தத் தோப்பை இரண்டு வருடத்துக்கு மொத்தமாக, வந்த விலைக்குக் குத்தகைக்கு விட்டார். அப்போதே நான் போனில், "என்ன மச்சான், வீடு பத்திக்கிட்ட மாதிரி அவசரமாக் குத்தகைக்கு விட்டுட்டீங்க?" என்று கேலி செய்தேன். அவர் சிரித்துவிட்டு போனை உன்னிடம் கொடுத்துவிட்டார். இப்போது யோசித்தால் அந்தச் சிரிப்பிலும் ஏதோ இருக்கிறது. போர் போட்டவன் தோப்பை ஏன் அவசரமாக விடவேண்டும்? கைக்கு வந்த பணம் எங்கே போனது?

அம்மா பெயரைச் சொல்லி என் பணத்தில் விளையாடியிருந்தால் என்னால் பொறுக்க முடியாது. நோட்டும் பாஸ்புக்கும் வரவேண்டும். வராவிட்டால் சாவித்ரியும் கிரீஷும் கல்யாணத்துக்கு வருவார்கள். நான் மணைக்கு வந்து நிற்கமாட்டேன். கணக்கில் சந்தேகத்தை வைத்துக்கொண்டு மாலையைக் கையில் பிடிக்க என்னால் முடியாது.

அசோக்குமார்


அலங்காநல்லூர்
12.9.2025

மாப்ள அசோக்குமாருக்கு மச்சான் தவசி எழுதுறது. எனக்கு எழுதிப் பழக்கமில்ல. பேசுற மாதிரியே எழுதுறேன், தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

போர் போட்டது கூட்டுறவு சங்கத்துக் கடன். தவணை கட்டின சீட்டு ஜெராக்ஸ் உள்ள வச்சிருக்கேன். இன்னும் சந்தேகமிருந்தா மலையாண்டியச் சங்கத்துக்கே போயி கேட்கச் சொல்லுங்க.

வருசத்து ரேட்டு நான் வச்சதுதான். அதுல தப்பிருந்தா என்னையக் கேளுங்க, உங்கக்காவக் கேட்காதீங்க. உங்க கடுதாசி வந்த அன்னைக்கி பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்குச் சோறு போட்டுட்டு வந்தவ, வீட்டுல ரெண்டு நாளாச் சோறு திங்கல. அந்தப் பக்கத்த அனுப்பிட்டுப் போடினு நானே சொன்னேன். "நான் திருடியா இருந்துட்டுப் போறேன்"ங்கிறா. அவ இஷ்டம். இதுக்கு மேல எனக்கு எழுத வரல.

பத்திரிகையில தாய்மாமன் பேரு உங்க பேருதான் போட்டிருக்கு. அத மாத்த மாட்டேன்.

தவசி


சிங்கப்பூர்
27.9.2025

அக்காவுக்கு,

மச்சானின் கடிதம் வந்தது. போர் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைப் படித்தபிறகுதான் எனக்குத் தூக்கம் போனது. திருடி என்ற பெயரைக்கூட ஏற்றுக்கொள்கிறாய், மூன்று பக்கத்தை அனுப்பமாட்டாய் என்றால், அந்தப் பக்கங்களில் முப்பத்தொன்பதாயிரத்தைவிடப் பெரிதாக ஏதோ இருக்கிறது. நீ மச்சானைக் காப்பாற்றுகிறாயா, மச்சான் உன்னைக் காப்பாற்றுகிறாரா? இரண்டு பேரும் சேர்ந்து யாரைக் காப்பாற்றுகிறீர்கள்?

இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. விமான டிக்கெட் எடுக்கவில்லை. உன் பதிலைப் பார்த்துத்தான் எடுப்பேன்.

அசோக்குமார்


அலங்காநல்லூர்
12.10.2025

தம்பி அசோக்கு,

நாங்கள் சுகமாக இல்லை. வழக்கத்துக்காகக்கூட அப்படி எழுத இன்று கை வரவில்லை.

யாரைக் காப்பாற்றுகிறீர்கள் என்று கேட்டாய். இதோடு நோட்டின் மூன்று பக்கங்களின் நகலும் பாஸ்புக் நகலும் இருக்கின்றன. கதவைச் சாத்திக்கொண்டு பார். பக்கத்தில் வெள்ளைத்துரை வேண்டாம்.

நான்காவது பக்கம் 2014. சித்திரை ரேட் 48. அடுத்த பங்குனியில் 45 சொச்சத்துக்கு இறங்கியது. நோட்டில் 48தான் இருக்கிறது. ஆறாவது பக்கம் 2016. சித்திரையில் 49, அடுத்த மார்ச்சில் நாற்பத்தாறரை. நோட்டில் 49. குறைந்ததை எல்லாம் மச்சான் போட்டார். நீ ஏறிய இடங்களை மட்டும் தேடி எடுத்திருக்கிறாய். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பதற்காக மச்சான் இதையெல்லாம் கூட்டிப் பார்ப்பதில்லை. நான் கூட்டி வைத்திருக்கிறேன். 2015 சித்திரையில் உன் பணத்தில் எடுத்து வைத்த மிச்சம் முப்பத்தேழாயிரம்.

இப்போது ஐந்தாவது பக்கத்தை எடு. 2015. சித்திரை ரேட் 46. பன்னிரண்டு வரி இருக்கிறது. முந்நூறு டாலர், நாற்பத்தாறு, பதிமூவாயிரத்து எண்ணூறு. பன்னிரண்டும் ஒரே மாதிரி, ஒரே மை. அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆர்த்திகாவுக்கும் தெரியவில்லை. பக்கத்தில் பாஸ்புக் நகலை வை. ஏப்ரலில் ஒரு வரவு இருக்கிறது. அதன்பின் மே முதல் அடுத்த மார்ச் வரை சிங்கப்பூரிலிருந்து ஒரு பைசா வரவில்லை.

நெட்டில் அந்தப் பதினொரு மாதத்துக்கும் ரேட் கிடைக்கும், பார்த்துக்கொள். ரேட் இருக்கும். டாலர்தான் இருக்காது.

சம்பளம் நின்றுவிட்டது, அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன் என்று சொன்னாய். நம்பினோம். ஆடியில் உன் கம்பெனி பீமாராவ் லீவில் வந்தார். நீ கொடுத்தனுப்பிய கோடாலித் தைலத்தைக் கொடுத்துவிட்டு, "சம்பளமா? ஒண்ணாந்தேதி டாண்ணு வருதும்மா, ஓவர்டைம் வேற" என்றார். மச்சான் தைலத்தை வாங்கி முழங்காலில் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து பத்து வருடமாகத் தெரியும். அந்தப் பணம் எங்கே போனது என்று நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. நீ எங்களைக் கேட்டாய்.

முதல் இரண்டரை மாதம் அந்த முப்பத்தேழாயிரத்தில் ஓடியது. அதற்குமேல் வழியில்லை. சோலைக்குக் கூலி, மருந்து, கால் நீவ வருகிறவருக்குச் சம்பளம். நீ கேலி செய்தாயே, வீடு பற்றிக்கொண்ட மாதிரி விட்டார் என்று, அந்தக் குத்தகைதான் மீதி மாதங்கள். வீடு பற்றிக்கொள்ளாமல் இருக்கத்தான் விட்டார்.

ஒவ்வொரு மாதமும் நான் நோட்டைத் திறந்து, இல்லாத டாலரை எழுதி, அம்மாவுக்கு வாசித்தேன். என் முட்டைக் கணக்கில் இதுவரை பொய் எழுதியதில்லை. அம்மா இடது கையால் அந்த வரியைத் தடவிவிட்டு சோலையிடம் சொல்வாள்: "எம்மகன் ஒரு மாசம் தவறமாட்டான்." கோயிலுக்குப் போகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தாலும் அதையே சொல்வாள். அதை நம்பித்தான் கண்ணை மூடினாள். உன் ஜூலைக் கடிதத்தில் அதே சொல்லை நீயும் எழுதியிருந்தாய். அம்மா நம்பியதைப் பொய்யாக்க வேண்டாம் என்றுதான் பக்கத்தைப் பிடித்து வைத்திருந்தேன். நீ விடவில்லை. தான் திருடி அயலாரை நம்பான் என்பார்கள். எழுதக்கூடாது என்றுதான் நினைத்தேன், எழுதிவிட்டேன்.

டிக்கெட் எடுப்பதும் எடுக்காததும் உன் இஷ்டம்.

சுபலட்சுமி


சிங்கப்பூர்
1.11.2025

அக்காவுக்கும் மச்சானுக்கும்,

இந்தக் கடிதத்தை மூன்றுமுறை எழுதிக் கிழித்தேன். தீபாவளிக்கு முதல் நாள் உன் உறை வந்தது. தீபாவளியன்று நான் அறையைவிட்டு வெளியே போகவில்லை.

2013 ஆகஸ்டில் ரேட் 53 ஆனபோது, மூன்று மாதச் சம்பளத்தை அனுப்பாமல் பிடித்து வைத்திருந்தவர்கள் ஒரே நாளில் லாபம் பார்த்தார்கள். நான் மாதாமாதம் அனுப்பிவிட்டு முட்டாளாக நின்றேன் என்று எனக்குத் தோன்றியது. 2015 மே மாதம், இது 60 ஆகும், அதுவரை பிடித்து வைப்போம் என்று முந்நூறை நிறுத்தினேன். ஏறவில்லை. ரேட் ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுகிற ஆப் ஒன்றை ஒருவன் போனில் போட்டுக் கொடுத்தான். முதல் வாரம் எண்பது டாலர் வந்தது. பிறகு மாதாமாதம் அம்மாவின் முந்நூறை அதில் போட்டேன். மொத்தம் 3,300. எல்லாம் போனது. சம்பளம் நின்றது என்றது பொய்.

போன் செய்யும்போதெல்லாம் அம்மா, "பணம் வந்துருச்சுய்யா, நாப்பத்தாறு ரேட்டு" என்பாள். சோலை முன்னால் என் மானத்தைக் காப்பாற்ற அம்மாதான் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. கேட்டால் பதிலுக்கு நானும் ஒன்று சொல்லவேண்டும். பத்து வருடம் சொல்லாமல் இருந்ததில், அது நடக்காத மாதிரியே எனக்கு ஆகிவிட்டது. தவறாமல் அனுப்பியவன் என்று எழுதும்போது அதை நானே நம்பினேன், அக்கா. அதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

25ஆம் தேதி காலை மதுரையில் இறங்குகிறேன். பணத்தோடு வருகிறேன். ஒன்று மட்டும் கேட்டுச் சொல். எந்த ரேட்டில் தரவேண்டும்? அப்போது 46. இன்று 68. மச்சான் சொல்கிற ரேட்டில் தருகிறேன்.

அசோக்கு


அலங்காநல்லூர்
10.11.2025

தம்பி அசோக்குக்கு,

நாங்கள் சுகம். உன் முதுகுக்கு இந்த முறையாவது நல்லெண்ணெய் தேய்த்து அனுப்புகிறேன், வா.

பணம் வேண்டாம் என்று பெரிய மனசு காட்டுவேன் என்று எதிர்பார்க்காதே. வேண்டும். கல்யாணச் செலவு தலைக்கு மேல் இருக்கிறது. மச்சானிடம் ரேட் கேட்டேன். "எந்த வருசத்துக் குத்தகையோ அந்த வருசத்து ரேட்டு. இதுல கேக்க என்னத்தா இருக்கு?" என்றார். ஆக நாற்பத்தாறு. பதினொரு மாதத்துக்கு ஒரு லட்சத்து ஐம்பத்தோராயிரத்து எண்ணூறு. உன் மிச்சம் முப்பத்தேழாயிரத்தைக் கழி. ஒரு லட்சத்துப் பதினாலாயிரத்து எண்ணூறு. அம்புட்டுத்தான். ஒரு ரூபாய் கூட்டிக் கொடுத்தாலும் மச்சான் வாங்கமாட்டார்.

ஐந்தாம் பக்கத்தின் அசலை அடுப்பில் போடலாமா என்று யோசித்தேன். போடவில்லை. அது நான் எழுதிய பொய், அம்மா தடவிய பக்கம். இருக்கட்டும்.

ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன், மண்டபத்தில் வைத்து நீ திணறக்கூடாது. நீ மாலையோடு மணைக்கு வரும்போது ஊர்ச் சனம் சும்மா இருக்காது. "இவந்தான் அழகம்மா மகன். ஆறு வருசம் ஒரு மாசம் தவறாம ஆத்தாளுக்கு அனுப்புனவன்" என்று ஒருவருக்கொருவர் சொல்வார்கள். உன் காதுபடச் சொல்வார்கள். சோலையும் வருவாள், அவள்தான் சத்தமாகச் சொல்வாள். அம்மா ஆறு வருடம் படுக்கையில் கிடந்து வாசலில் வந்து நின்றவர்களுக்கெல்லாம் சொல்லி வைத்தது அது.

மறுத்துப் பேசாதே. தலையைக் குனியாதே. கேட்டுக்கொண்டு நில். நானும் மச்சானும் உனக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்போம், வாயைத் திறக்கமாட்டோம்.

மாம்பழ நிறம், மறந்துவிடாதே. மச்சானுக்குக் கோடாலித் தைலம் இரண்டு பாட்டில்.

அக்கா சுபலட்சுமி